ஜூன் மாதம் காணாமல் போகும் அணிகள்

ஒரு பள்ளிக்கூடத்தில் கபடி அணி உருவாக மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். ஆறாம் வகுப்பில் வந்து சேரும் பையனுக்கு மூச்சு விடாமல் பாடிப் போகவே முதல் வருஷம் சரியாக வராது. ஏழாம் வகுப்பில் கார்னரில் நிற்கப் பழகுவான். எட்டாம் வகுப்பில் கணுக்கால் பிடி கைவரும். ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது ஏழு பேரும் ஒருவர் கண்ணசைவை ஒருவர் புரிந்துகொண்டு கை கோத்து மடக்கத் தொடங்கியிருப்பார்கள். அந்த வருஷம்தான் குறுவட்டப் போட்டியில் பள்ளி ஜெயிக்கும். தலைமையாசிரியர் காலை வழிபாட்டில் பெயர் சொல்லிப் பாராட்டுவார். அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போது அந்த ஏழு பேரில் இரண்டு, மூன்று பேர் வருகைப் பதிவேட்டில் இருக்க மாட்டார்கள். டி.சி. வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

ஜலகண்டாபுரம், நங்கவள்ளி, தாரமங்கலம், எடப்பாடி, அங்கிருந்து தெற்கே நாமக்கல் சமவெளி வரை அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இது புதிய கதை இல்லை. "நம்ம பையனைக் கூப்பிட்டுக்கிட்டாங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தப் போய்விடுவார்கள். யார் கூப்பிட்டது, என்ன சொல்லிக் கூப்பிட்டது, போன பிள்ளை என்ன ஆனான் என்பதை எந்த அலுவலகமும் எழுதி வைப்பதில்லை.

தறியை நம்பி வாழும் ஊர் ஜலகண்டாபுரம். வாரக் கூலியில் குடும்பம் நடத்துகிற வீட்டுக்கு ஒரு பெரிய தனியார் பள்ளியின் வண்டி வந்து நிற்கிறது. கட்டணம் வேண்டாம், விடுதியும் சாப்பாடும் இலவசம், ஷூவும் சீருடையும் நாங்களே தருகிறோம், பிள்ளையை மட்டும் அனுப்புங்கள் என்கிறார்கள். சில இடங்களில் கூடப் பிறந்த தங்கைக்கும் பாதிக் கட்டணம் என்ற பேச்சு எழும். இப்படி ஒரு அழைப்பை மறுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? அந்தத் தாயைக் குறை சொல்ல இந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. பேச்சில் கொடுத்த வாக்கு எதுவும் எழுத்தில் இல்லாததுதான் இங்கே பேச வேண்டிய விஷயம்.

பள்ளிக்கு இதனால் என்ன லாபம் என்பதைப் பேருந்து நிலையத்தில் தொங்கும் பேனர்கள் சொல்லும். மாவட்டத்தில் முதலிடம், மாநிலப் போட்டிக்குத் தேர்வு என்று கோப்பையோடு பிள்ளைகள் நிற்கும் படம் சேர்க்கை நேரத்தில் வரும். பயிற்சி கொடுத்த பள்ளியின் பெயர் அதில் எங்கும் இருக்காது.

இந்த மண்ணுக்கு இது பழகிய வழக்கம்தான். லாரிக்கும் கோழிப்பண்ணைக்கும் பேர்போன நாமக்கல் பக்கம் ஒரு காலத்தில் மதிப்பெண்ணுக்கும் பேர் வாங்கியது. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, பிளஸ் ஒன்னில் இலவசமாகச் சேர்த்து, இரண்டு வருஷம் கழித்து மாநில ரேங்க் என்று விளம்பரம் செய்த பள்ளிகள் இருந்தன. 2017 மே மாதம் தமிழக அரசு பொதுத் தேர்வில் ரேங்க் பட்டியல் வெளியிடுவதையே நிறுத்தியது. மதிப்பெண் ஓட்டம் அதனால் நின்றுவிடவில்லை. ஆனாலும் "மாநில முதலிடம்" என்ற விளம்பரத்தின் அடியாதாரத்தை அரசு ஒரே அறிவிப்பில் எடுத்துவிட்டது. விளையாட்டில் அப்படிச் செய்ய முடியாது. போட்டி என்றால் முதலிடம் இருந்தே தீரும். அப்படியென்றால் ஆள் பிடிப்பதற்கு வேறு வகையில்தான் கடிவாளம் போட வேண்டும்.

இப்போது இருக்கும் கடிவாளம் எது? பள்ளிக் கல்வித் துறை நடத்தும் பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளில் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏற வேண்டும். 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவுகள். 1954இல் தொடங்கப்பட்ட இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டிகளுக்கும் இதே வயதுக் கணக்குதான். நுழைவுப் படிவத்தில் பிள்ளையின் புகைப்படம், பிறந்த தேதி, இந்தப் பள்ளியில்தான் படிக்கிறார் என்பதற்குத் தலைமையாசிரியரின் கையொப்பமும் முத்திரையும் வேண்டும். எதிரணி புகார் கொடுத்தால் பார்க்கப்படுவதும் பெரும்பாலும் இவைதான். வயதைக் கூட்டிக் குறைத்தாரா, வெளியாளா என்று விசாரிக்கிறார்கள். வயது மோசடிக்கென்று மத்திய விளையாட்டு அமைச்சகம் 2010இல் தனி விதித்தொகுப்பே கொண்டுவந்தது. மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயது கணிக்கும் சோதனையும் நடக்கிறது. அந்தப் பிள்ளை போன வருஷம் எங்கே விளையாடினான், யார் எதைக் கொடுத்து அழைத்து வந்தார்கள் என்று கேட்கும் கட்டம் மட்டும் படிவத்தில் இல்லை. ஜூனில் முறையாகச் சேர்க்கை போட்டுவிட்டால் ஆகஸ்டில் புதிய பள்ளியின் பனியனைப் போட்டுக்கொண்டு பழைய பள்ளியையே எதிர்த்து ஆடலாம். ஆடவும் செய்கிறார்கள்.

பாவு ஓடும்வரைதான் முன்பணம்

பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் முன்பணம் வாங்கிய தொழிலாளியின் நிலை இந்தப் பக்கத்து வாசகர்களுக்குத் தெரியும். வாங்கும்போது உதவி மாதிரி இருக்கும். வேலையை விட்டு நிற்க நினைக்கும் நாளில்தான் அது கடன் என்று தெரியும். விளையாட்டுக்காக இலவசமாகச் சேர்க்கப்படும் பிள்ளையின் நிலையும் பல நேரம் இதுவே. முழங்கால் சவ்வு கிழிந்துவிட்டால்? அடுத்த வருஷம் அவனைவிட நல்ல ரெய்டர் கிடைத்துவிட்டால்? வீட்டு நினைப்பில் விடுதியில் இருக்கப் பிடிக்காமல் போனால்? கட்டணச் சலுகை எத்தனை வருஷத்துக்கு என்று கையெழுத்துப் போட்ட தாள் இல்லாத இடத்தில், திரும்பிப் போக நினைக்கும் குடும்பத்திடம் பழைய கட்டணத்தைக் கட்டச் சொன்னால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? கட்டண பாக்கிக்காக டி.சி.யை நிறுத்தி வைக்கும் வழக்கத்தின் மேல் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பே சொல்ல வேண்டியிருந்தது. சேர்க்கைக்கு டி.சி. கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது, அதில் கட்டண பாக்கி பற்றி எழுதக் கூடாது என்றது நீதிமன்றம்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. வண்டியில் வந்தவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பெற்றோருக்கும் தெரிவதில்லை.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. இதில் சேரும் மாணவரின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் தனியாக இருக்கின்றன. அதற்குள்ளும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உண்டு. இந்த 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடுகள் அனைத்துக்கும் அடிப்படை நிபந்தனை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது. இடையில் ஒரே ஒரு வருஷம் தனியார் பள்ளிக்குப் போய்த் திரும்பினாலும் தகுதி போய்விடும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு அரசுப் பள்ளிக்கு வருபவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

பெண் பிள்ளைக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரிக் காலம் முழுக்க மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. இவற்றுக்கும் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளித் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு ஜோடி ஷூவுக்கும் இலவச விடுதிக்கும் ஆசைப்பட்டு டி.சி. வாங்கும்போது அந்தக் குடும்பம் கைவிடுவது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கோப்பையின் படம் பள்ளிக்கு நிற்கும். ஒதுக்கீடு பிள்ளைக்குத் திரும்பி வராது.

கிடைப்பது ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. மாநில, தேசியப் பள்ளிப் போட்டிச் சான்றிதழ் வேலைக்கும் மேற்படிப்புக்கும் மதிப்புள்ளது. மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டில் பள்ளிகளுக்கான தேசியப் போட்டிச் சான்றுக்குப் 'படிவம் 4' என்று தனி இடமே உண்டு. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இருக்கிறது. நல்ல பயிற்சியாளரும் நல்ல சாப்பாடும் கிடைத்துப் பிள்ளை முன்னேறினால் அதைத் தடுக்க யாருக்கும் உரிமை கிடையாது. ஜலகண்டாபுரத்துக்குப் பக்கத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த நடராஜனை அந்த ஊர் ஜெயப்பிரகாஷ் சென்னைக்கு அழைத்துப் போகாமல் இருந்திருந்தால், 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில் அவர் பந்து வீசியிருக்க மாட்டார். ஊரை விட்டுப் போவது குற்றமில்லை. அழைத்துப் போகிறவருக்கு அந்தப் பிள்ளையின் மேல் அக்கறையா, தன் பள்ளிக் கோப்பையின் மேல் அக்கறையா என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் ஒரு கடிதம்

உலகில் இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பிரென்ட்வுட் அகாடமி என்ற தனியார் பள்ளி இருக்கிறது. 1997இல் அதன் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர், அங்கே சேர ஏற்கனவே ஒப்பந்தம் போட்டிருந்த எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். வசந்த காலப் பயிற்சிக்கு வரலாம் என்ற அழைப்புதான். கீழே 'உங்கள் பயிற்சியாளர்' என்று கையெழுத்து. அந்த மாநிலத்துப் பள்ளி விளையாட்டுச் சங்கம் இதையே ஆள் பிடிக்கும் முயற்சியாகப் பார்த்தது. பள்ளிக்கு நான்கு ஆண்டு கண்காணிப்பு, கால்பந்து மற்றும் ஆண்கள் கூடைப்பந்து அணிகளுக்கு இரண்டு ஆண்டுகள் இறுதிச் சுற்றுகளில் ஆடத் தடை, 3,000 டாலர் அபராதம் என்று தண்டித்தது.

பள்ளி வழக்குப் போட்டது. கடிதம் எழுதுவது எங்கள் கருத்துரிமை என்றது. வழக்கு இரண்டு முறை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், பத்து ஆண்டுகள் இழுத்து, 2007இல் முடிந்தது. தீர்ப்பு சங்கத்தின் பக்கம். விருப்பப்பட்டுச் சங்கத்தில் சேர்ந்த பள்ளி அதன் விதிக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். அதற்கு அவர்கள் துணைக்கு எடுத்துக்கொண்ட முன்தீர்ப்பு, விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தவரிடம் நேரில் போய் வழக்குப் பிடித்த ஒரு வழக்கறிஞரைப் பற்றியது. வலியில் இருப்பவரிடம் வழக்கறிஞர் நேரில் வந்து நின்றால் அவரால் நிதானமாக யோசிக்க முடியாது. பயிற்சியாளர் கூப்பிடும்போது எட்டாம் வகுப்புப் பையனும் அப்படித்தான்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய இடம், தண்டனை யார் மேல் விழுந்தது என்பது. அபராதமும் தடையும் பள்ளிக்கும் அதன் அணிகளுக்கும். கடிதம் பெற்ற பையன்கள் குற்றவாளிகளாக நிறுத்தப்படவில்லை.

ஜப்பானில் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் என்றால் ஊரே தொலைக்காட்சி முன் உட்காரும். அங்கே பள்ளி மாறிய வீரர் ஓராண்டுக்கு அதிகாரப்பூர்வப் போட்டியில் ஆட முடியாது. பேஸ்பாலுக்காகக் கட்டணச் சலுகை கொடுப்பதையே மாணவர் பேஸ்பால் சாசனம் தடை செய்திருந்தது. 2007இல் விசாரித்தபோது 370க்கும் மேற்பட்ட பள்ளிகள் அந்தச் சலுகையைக் கொடுத்து வந்தது தெரியவந்தது. அத்தனை பள்ளிகளையும் வெளியே தள்ள முடியாது என்று புரிந்துகொண்ட கூட்டமைப்பு, ஒரு வகுப்புக்கு ஐந்து பேர் என்ற அளவோடு சலுகையை வெளிப்படையாக அனுமதிக்கும் வழிக்கு வந்தது. நடைமுறையில் பிடிக்க முடியாத விதியை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வதைவிட இது நேர்மையான வழி.

கலிஃபோர்னியாவில் குடும்பம் வீடு மாறாமல் பள்ளி மட்டும் மாறினால் பருவத்தின் ஒரு பகுதியை வெளியே உட்கார்ந்து கழிக்க வேண்டும். அதனால் பொய் முகவரிகள் பெருகின. 2025இல் டொரன்ஸ் நகரத்து பிஷப் மாண்ட்கோமரி பள்ளியில் மாறி வந்த வீரர்கள் பலர் தகுதி இழந்தார்கள். செப்டம்பரில் அந்தப் பள்ளி அந்த ஆண்டின் கால்பந்துப் பருவத்தையே கைவிட்டது. மாறி வராத பிள்ளைகளுக்கும் அதோடு ஆட்டம் போனது. மாறும் பிள்ளையைப் பிடித்து உட்கார வைக்கும் விதி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இது எச்சரிக்கை.

நமக்கு எது பொருந்தும்?

ஓராண்டு ஆடக் கூடாது என்ற விதியை அப்படியே கொண்டுவந்து தமிழ்நாட்டில் வைத்தால் அடி வாங்குவது ஏழைப் பிள்ளை. 17 வயதுப் பிரிவில் ஒருவனுக்குக் கிடைப்பதே இரண்டு, மூன்று பருவங்கள். அதில் ஒன்றைப் பறித்தால் மாநிலத் தேர்வும் சான்றிதழும் போகும். பத்தாம் வகுப்போடு முடியும் உயர்நிலைப் பள்ளியில் படித்தவன் பிளஸ் ஒன்னுக்கு வேறு பள்ளிக்குப் போயே ஆக வேண்டும். அவனை எதற்குத் தண்டிப்பது? கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவும் எட்டாம் வகுப்பு வரை பள்ளி மாறும் உரிமையைப் பிள்ளைக்குத் தந்திருக்கிறது, டி.சி.யைத் தாமதிக்கும் தலைமையாசிரியர் மேல் நடவடிக்கை எடுக்கலாம் என்கிறது. அந்த உரிமையைத் தொடக் கூடாது.

விதி அழைக்கிற பள்ளியைப் பிடிக்க வேண்டும். அதற்கான கருவி அரசின் கையில் ஏற்கனவே இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் உண்டு. பள்ளியை விட்டுப் போனால் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போகிறது. புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. மாவட்டப் போட்டியில் ஆடிய பிள்ளைகளின் எண்களை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரே ஜூனில் நான்கு அணிகளின் வீரர்கள் ஒரே பள்ளியில் போய்ச் சேர்ந்திருப்பது ஒரு மாலை வேலையில் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால் மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர் அந்தப் பள்ளியிடம் கேட்க வேண்டியவை சில: என்ன சலுகை கொடுத்தீர்கள், எழுத்தில் எங்கே, காயம்பட்டாலும் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அது தொடருமா, பெற்றோருக்கு 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டைப் பற்றிச் சொன்னீர்களா? பதில் இல்லாத பள்ளியின் அணியை அந்த ஆண்டு மாவட்டப் போட்டியோடு நிறுத்தலாம். பிள்ளைகளின் தனிநபர் தேர்வைத் தொடாமல் மாநில அணிக்கான தேர்வுக்கு அவர்களை அனுமதிக்கலாம். விளம்பரத்துக்குக் கோப்பை கிடைக்காது என்றால் வண்டிகள் குறையும்.

இந்தக் கட்டுப்பாடு சி.பி.எஸ்.இ. பள்ளிகளையும் எட்ட வேண்டும். இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பில் சி.பி.எஸ்.இ., கேந்திரிய வித்யாலயா, நவோதயா எல்லாம் மாநிலங்களைப் போலத் தனித்தனி அணிகள். மாநில விதி இறுகினால் ஆள் பிடிப்பது அந்தப் பக்கம் நகரும்.

அரசும்தானே பிள்ளைகளை எடுத்துப் போகிறது என்று கேட்கலாம். உண்மைதான். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் 7, 8, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கின்றன. ஆனால் அதற்குச் செய்தித்தாளில் அறிவிப்பு வரும், மைதானத்தில் எல்லோர் கண்முன்னும் சோதனை நடக்கும், விண்ணப்பிக்க யாருக்கும் தடையில்லை. தனியார் பள்ளி விளையாட்டு உதவித்தொகை கொடுக்க நினைத்தால் அதே மாதிரி இத்தனை இடம், இன்ன நாளில் தேர்வு என்று அறிவித்துவிட்டுக் கொடுக்கட்டும். இரவு எட்டு மணிக்கு வீட்டு வாசலில் பேசி முடிப்பதற்கு என்ன அவசியம்?

இன்னொரு பக்கத்தையும் மறைக்க முடியாது. அரசுப் பள்ளியில் அணியை உருவாக்கியவர் யார், அவருக்கு நாம் என்ன கொடுத்தோம்? பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016இல் ரியோவில் பாராலிம்பிக் தங்கம் வாங்கினார். அவருடைய திறமை முதலில் பட்டது பள்ளி உடற்கல்வி ஆசிரியர் கண்ணில்தான். 2012இல் தமிழக அரசு உடற்கல்வி, ஓவியம், தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதி நேர ஆசிரியர்களை நியமித்தது. வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். சம்பளம் பிறகு படிப்படியாக உயர்ந்தது; பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடாத ஆண்டு இல்லை. மூன்று அரை நாளில் ஒரு கபடி அணியை எப்படி வளர்ப்பது? போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பேருந்துக் கட்டணமும் வாழைப்பழமும் தன் கைக்காசில் வாங்கிக் கொடுக்கும் ஆசிரியரிடம், உன் பையன்களைக் காப்பாற்றிக்கொள் என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் தகுதி கிடையாது. பிள்ளை வேறு பள்ளியில் இருந்து மாநிலப் பதக்கம் வாங்கினாலும், சான்றிதழிலும் அரசுப் பதிவிலும் முதலில் பயிற்சி தந்த பள்ளியின் பெயரும் ஆசிரியரின் பெயரும் ஏற வேண்டும். இதற்குச் செலவு ஒரு பைசா இல்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுக்கு யாராவது வந்து பிள்ளையைக் கேட்டால், சந்தோஷப்படுங்கள். உடனே சரி சொல்லாதீர்கள். சொல்வதை எல்லாம் பள்ளியின் தாளில், தாளாளர் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கேளுங்கள். பிள்ளைக்கு அடிபட்டாலும் பன்னிரண்டாம் வகுப்புவரை இலவசம் என்று எழுதச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் டி.சி. வாங்காதீர்கள். அரசுப் பள்ளியை விட்டால் என்னென்ன ஒதுக்கீடு போகும் என்று தலைமையாசிரியரிடம் உட்கார்ந்து கேளுங்கள். சொல்ல வேண்டியது அவர் கடமை.

பள்ளிக் கல்வித் துறைக்கு வேண்டியது புதுச் சட்டமோ நிதியோ இல்லை. அடுத்த ஆண்டுப் போட்டிகளுக்கான வழிகாட்டுதல் அனுப்பும்போது அதோடு மேலே சொன்ன விதிகளைக் கொண்ட ஒரு சுற்றறிக்கை சேர்த்தால் போதும். ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்பே அது எல்லாத் தலைமையாசிரியர் மேசைக்கும் வந்துசேர வேண்டும்.